லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் எத்தனை நாள்?

1553-ஆம் ஆண்டு சூன் மாதம் 28-ஆம் நாள், உரோமையிலிருந்து புனித இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதினார். அது இந்தியாவில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியாருக்கு எழுதப்பட்டது. கிடைக்கும் முதல் நல்ல கப்பலில் ஏறிப் போர்த்துக்கல் வந்து சேரவேண்டும் என்று, கீழ்ப்படிதலின் பேரால் அதிலே கட்டளையிட்டிருந்தார். இந்தியாவின் நிலையை அரசர் மூன்றாம் ஜான் நேரில் கேட்டறிய வேண்டும். திருப்பீடமும் அறிய வேண்டும். கீழ்த்திசைக்கு எத்தகைய குருக்களை அனுப்புவது என்பதை அங்கே உழைத்தவரே வந்து தேர்ந்து சொல்ல வேண்டும். காரணங்கள் யாவும் தக்க காரணங்களே. ஆனால் அக்கடிதம் எழுதப்பட்ட நாளில் சவேரியார் இறந்து ஏறத்தாழ ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. 1552 டிசம்பர் 3-ஆம் நாளன்றே சீனக் கரையோரமுள்ள சான்சியன் தீவில் அவர் உயிர் நீத்திருந்தார்.

இறந்துபோன தோழரை அவர் இறந்தது அறியாமலே அழைத்த இக்கடிதத்தைச் சவேரியாரின் வரலாற்றில் ஒரு சோகக் குறிப்பாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். அக்காலத்தில் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே கிடந்த தொலைவு எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பது நம் எண்ணம். அத்தொலைவு நம் கடற்கரைத் திருச்சபையை எவ்வாறு உருவாக்கிற்று என்பதையே இங்கே சற்று ஆராய விரும்புகிறோம்.

இன்று லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 8,300 கிலோமீட்டர். நடுவில் விமானம் மாறினாலும் ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம். மகன் துபாயிலிருந்து இரண்டு நாள் பேசவில்லையென்றால் மூன்றாம் நாள் பூசைக் கருத்துக் கொடுக்க வந்துவிடும் தாய்மார்களை நம் பங்குகளில் நாம் அறிவோம். சவேரியாரின் காலத்திலோ ஆப்பிரிக்காவைச் சுற்றிவரும் கடல்வழி ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் இருந்தது. எனினும் அன்றைய மாலுமியிடம் 'எவ்வளவு தூரம்?' என்று கேட்டிருந்தால், 'எந்த மாதத்தில் புறப்படுகிறீர்?' என்றே அவன் திருப்பிக் கேட்டிருப்பான். காற்றுத்தான் தொலைவை முடிவு செய்தது.

இதனை முதன்முதலில் நன்கு பட்டறிந்தவர் வாஸ்கோ ட காமா. 1498-ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டை நோக்கி வந்தபோது, தென்மேற்குப் பருவக்காற்று அவருடைய கப்பல்களைப் பின்னின்று தள்ளிற்று. கரையே காணாமல் 23 நாட்களில் அரபிக் கடலைக் கடந்துவிட்டார். திரும்பும்போது பருவம் மாறும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. அதே கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின. ஈறு வீங்கிப் பற்கள் ஆடி உடல் அழுகும் நோய் மாலுமிகளை வரிசையாக மாய்த்தது. ஆப்பிரிக்கக் கரையை அடைந்தபின், செலுத்த ஆளில்லாமையால் தம் கப்பல்களில் ஒன்றைத் தாமே எரித்துவிட நேர்ந்தது. இடம் ஒன்று, கடல் ஒன்று; போகையில் 23 நாள், வருகையில் மூன்று மாதம். நம் மீனவ மக்களுக்கு இது வியப்பாக இராது. கச்சானுக்கு ஒரு கணக்கு, வாடைக்கு ஒரு கணக்கு என்று அவர்கள் பிறப்பிலேயே அறிந்தவர்கள்.

இந்தப் பாடத்தைக் கற்றபின் போர்த்துக்கீசியர் ஓர் ஆண்டுக்கால அட்டவணையை வகுத்துக்கொண்டனர். மார்ச்சு இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ லிஸ்பனில் நங்கூரம் எடுக்கவேண்டும். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகாமல் அட்லாந்திக்கில் பிரேசில் பக்கமாகப் பெரிதாக வளைந்து சென்று, தென்கடலின் மேலைக்காற்றைப் பிடித்து, சூலை வாக்கில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றவேண்டும். மொசாம்பிக்கில் தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு, தென்மேற்குப் பருவத்தின் கடைசிக் காற்றில் செப்டம்பரிலோ அக்டோபரிலோ கோவாவை அடையவேண்டும். எல்லாம் நன்றாக நடந்தால் ஆறு மாதம். முனையைச் சுற்றத் தாமதமானால் அந்த ஆண்டின் காற்று போய்விடும். மொசாம்பிக்கிலேயே அரை ஆண்டு கிடக்கவேண்டியதுதான்.

திரும்பும் வழிக்கும் இத்தகைய கண்டிப்பு உண்டு. மிளகு ஏற்றிய கப்பல்கள் டிசம்பர், சனவரியில் கொச்சியையும் கோவாவையும் விட்டுப் புறப்படவேண்டும். பிந்தினால் ஆபத்து. 1552-ஆம் ஆண்டு 'சான் ஜோவான்' என்னும் பெருங்கப்பல் பிப்ரவரி தொடக்கத்தில்தான் கொச்சியை விட்டுக் கிளம்பிற்று. சூன் மாதம் தென்னாப்பிரிக்கக் கரையில் புயலில் சிக்கி உடைந்தது. கரையேறியவர்கள் மொசாம்பிக் பக்கமாக நெடுந்தூரம் நடந்தனர்; அவர்களுள் உயிரோடு மீண்டவர் சிலரே. சில வாரத் தாமதம், நூற்றுக்கணக்கான உயிர்கள்.

ஆகவே கடிதங்களைப் பல படிகளாக எழுதுவது வழக்கமாயிற்று. ஒரே கடிதம் 'முதல் வழி', 'இரண்டாம் வழி' எனக் குறிக்கப்பட்டு வெவ்வேறு கப்பல்களில் ஏற்றப்படும். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று சேரட்டும் என்பது எண்ணம். இப்போது ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1548 சனவரியில் இங்கிருந்து ஒரு கேள்வி புறப்படுகிறது. அது லிஸ்பனை அடைவது சூலை அல்லது ஆகஸ்டில். அங்கிருந்து நிலவழியாக உரோமைக்குப் போய், பதில் எழுதப்பெற்று, 1549 மார்ச்சுக்குள் மீண்டும் லிஸ்பன் துறைக்கு வந்துவிட்டால், செப்டம்பரில் கோவாவில் கிடைக்கும். இருபது மாதங்கள்! உரோமையில் ஓர் அதிகாரி நான்கு வாரம் அயர்ந்துவிட்டால் அக்கணக்கில் இன்னும் ஓர் ஆண்டு கூடும்.

சவேரியாரின் சொந்தப் பயணம் இந்த அட்டவணையிலும் மோசமாகவே அமைந்தது. 1540 மார்ச்சு நடுவில் உரோமையை விட்டவர் லிஸ்பனை அடைய மூன்று மாதங்களுக்கு மேலாயிற்று. அந்த ஆண்டுக் கப்பல்கள் போய்விட்டபடியால் அடுத்த வசந்தம்வரை காத்திருந்தார். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 35-ஆம் பிறந்த நாளன்று, புதிய ஆளுநர் மார்த்தின் அபோன்சோ தெ சோசாவுடன் 'சந்தியாகு' கப்பலில் ஏறினார். கப்பல் பிந்தியது. மொசாம்பிக்கில் ஏறத்தாழ ஆறு மாதங்கள், காய்ச்சலில் கிடந்த பயணிகளுக்குப் பணிவிடை செய்து கழித்தார், தாமும் நோயுற்றார். பின்பு வேறொரு கப்பலில் மலிந்தி, சொக்கோத்திரா வழியாக 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார். லிஸ்பனிலிருந்து 13 மாதங்கள்; உரோமையிலிருந்து கணக்கிட்டால் இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதே ஆண்டின் இறுதிக்குள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

சவேரியாரின் கடிதங்களைத் தொகுப்பாகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறலாகாது. ஐரோப்பாவுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதங்களின் தலைப்பில் உள்ள இடமும் நாளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும். கொச்சி, 1544 சனவரி 15. கொச்சி, 1545 சனவரி 20. அதே மாதம் 27. கொச்சி, 1548 சனவரி 20. கொச்சி, 1549 சனவரி 12. கொச்சி, 1552 சனவரி 29. சனவரி மாதத்தில்தான் அவருக்கு எழுதத் தோன்றிற்றா? கப்பல் புறப்படும் மாதம் அது. தூத்துக்குடியிலோ மலாக்காவிலோ என்ன வேலையில் இருந்தாலும், எழுதவேண்டியதையெல்லாம் நெஞ்சில் சுமந்துகொண்டு அந்த மாதத்தில் கொச்சித் துறைக்கு வந்து, மிளகு ஏற்றி முடிவதற்குள் எழுதி முடிக்கவேண்டும். ஓர் ஆண்டின் மகிழ்ச்சி, சினம், சோர்வு, நம்பிக்கை யாவும் அந்தச் சில நாட்களில் தாளில் இறங்கியவை. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் வீணே கற்றுக் கொண்டிருப்போரை நோக்கி அவர் எழுப்பிய புகழ்பெற்ற கூக்குரல் 1544 சனவரிக் கடிதத்தில் உள்ளது. அதன் வேகத்துக்குக் கப்பலின் அவசரமும் ஒரு காரணம் என்று நாம் ஊகித்தால் புனிதர் கோபிக்கமாட்டார்.

இவற்றோடு ஒப்பிடத்தக்க இன்னொரு தொகுதிக் கடிதங்கள் உண்டு. 1544-ஆம் ஆண்டு முழுவதும் மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, தூத்துக்குடி என்று அலைந்தபோது, அதே கடற்கரையில் வேறோர் ஊரில் இருந்த தம் உதவியாளர் மான்சில்லாசுக்கு எழுதியவை. இருபதுக்கு மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. சில ஒரு பக்கம்கூட இல்லாத சீட்டுகள். யாரோ ஓர் ஆள் கையில் கொடுத்துவிட, ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்தவை. 'பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிரும், பொறுமையாயிரும், இந்த ஆளை நம்பாதேயும்' என்ற பாங்கில் அமைந்தவை. வடுகர் படை தாக்கியதால் குமரிமுனைப் பாறைகளில் ஒளிந்து பட்டினி கிடந்த மக்களுக்கு, 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டதும் எதிர்க்காற்றால் போய்ச்சேர முடியாமற்போனதும் இக்கடிதங்களிலேதான் உள்ளன. தோணி ஏறிய இடமோ மணப்பாடு. போகவேண்டிய இடம் குமரி. லிஸ்பனிலிருந்து உலகத்தைச் சுற்றிவந்தவரை மணப்பாட்டுக் கடல் ஒரு நாள் வழியில் நிறுத்திவிட்டது. பின்னர் அவர் தரைவழியே சென்றார்.

அச்சீட்டுகளில் ஒன்று, நம் கருத்தில், வேறு எந்தக் கடிதத்தையும்விடப் பெரியது. சவேரியார் தமிழறியாதவர். வந்த சில மாதங்களில் இருமொழியும் சிறிது தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, மிகுந்த பாடுபட்டுச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்திருந்தார். அந்த விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. 1544-இல் மான்சில்லாசுக்கு எழுதுகிறார்: 'வேணும்' என்பதை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடவேண்டும்; ஏனெனில் 'வேணும்' என்பது விரும்புவதைக் குறிப்பது, விசுவசிப்பதை அன்று. ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு மேலாக நம் முன்னோர் 'கடவுள் எனக்கு வேணும்' என்று சொல்லி வந்திருக்கிறார்கள். இறையியல் படித்த நமக்கு அந்தப் பழைய சொல்லும் முற்றும் தள்ளத்தக்கதாகத் தோன்றவில்லை. அது வேறு கதை.

எண்ணிப் பார்க்கவேண்டியது இதுதான். திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தில், முதல் வினைச்சொல்லில், ஒரு திருத்தம். உரோமையைக் கேட்டுச் செய்வதானால் இருபது மாதம் காத்திருக்கவேண்டும். கேட்டாலும் அங்கே தமிழறிந்தவர் யார்? கடற்கரையில் யாரோ ஒருவர், பெயர் எழுதி வைக்கப்படாத ஒரு தமிழர், 'சாமி, இந்தச் சொல்லுக்குப் பொருள் அதுவல்ல' என்று சொல்லியிருக்கவேண்டும். புனிதர் கேட்டுக்கொண்டார். திருத்தம் ஓரிரு நாளில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் ஊரிலும் செபத்தின் படி ஒன்றைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டுச் சென்றதும் இதே தேவையால்தான். குரு மீண்டும் எப்போது வருவார் என்பது தெரியாது. ஞானஸ்நானம் கொடுக்கவும், செபம் சொல்லித்தரவும், பிணக்குத் தீர்க்கவும் ஊரிலே ஆள் வேண்டும். நம் உபதேசியார்களின் பரம்பரை இந்தத் தொலைவின் பிள்ளை என்றே சொல்லலாம்.

தொலைவு நன்மை மட்டும் செய்யவில்லை. அந்த மான்சில்லாஸ் கடிதங்களிலேயே, தூத்துக்குடியில் இருந்த போர்த்துக்கீசியத் தலைவனின் பேராசையும் கொடுமையும் குறித்த மனக்கசப்பைக் காண்கிறோம். திருமுழுக்குப் பெற்றால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பிய பரதவ மக்களை அவர்களுடைய காவலரே சுரண்டினர். 1545-லும் 1548-லும் சவேரியார் அரசருக்கே எழுதினார். 1548-இல் எழுதியது மிகக் கடுமையானது. ஆளுநர்கள் மறைப்பணிக்குத் துணை செய்யாவிடில் அவர்களைத் தண்டிப்பதாக அரசர் ஆணையிடவேண்டும் என்றுகூடக் கேட்டார். அதன் பதில் வர எத்தனை மாதம் என்பதை மேலே கணக்கிட்டோம். ஆளுநரின் பதவிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டு. முறையீடு போய், விசாரணை வந்து சேர்வதற்குள் குற்றம் செய்தவன் செல்வத்தோடு ஊர் திரும்பியிருப்பான். புதியவன் வந்து அதே வேலையைத் தொடங்கியிருப்பான். ஆறு மாதக் கடலைத் திரையாக வைத்துக்கொண்டு எவரும் எதையும் செய்யலாம் என்ற நிலை இருந்தது. போர்த்துக்கல் மன்னர் பக்தர் என்றும் நல்லவர் என்றும் நம் பழைய நூல்கள் புகழ்கின்றன. இருக்கலாம். அந்த நல்ல மனம் மணப்பாட்டுக்கு வந்து சேர்ந்த நேரம்தான் வரலாற்றில் கணக்கு.

சபைக்குள்ளும் இத்துன்பம் இருந்தது. 1549 அக்டோபரில் இஞ்ஞாசியார் சவேரியாரை இந்திய மறைமாநிலத்தின் தலைவராக நியமித்து எழுதினார். சவேரியார் அப்போது ஜப்பானில் இருந்தார். கடிதம் அவர் கைக்குக் கிடைத்தது 1551 இறுதியில், மலாக்காவில். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தாம் மாநிலத் தலைவர் என்பதை அறியாமலே தலைவராய் இருந்திருக்கிறார்! தூரத்திலிருந்து கட்டளையிடுவதன் வேதனையையும் அவர் சுவைத்தார். 1546-இல் அம்போன் தீவிலிருந்து மான்சில்லாசை மொலுக்காஸ் தீவுகளுக்கு வருமாறு எழுதினார். அவர் போகவில்லை. பின்னர் சபையிலிருந்தே விலக்கப்பட்டார். நம் கடற்கரையில் உழைத்த அந்த எளிய மனிதர்மீது நாம் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டோம். முகம் பார்த்துப் பேச வாய்ப்பிருந்தால் அது வேறுவிதமாய் முடிந்திருக்கக்கூடும் என்று மட்டும் தோன்றுகிறது.

அதே அம்போனிலிருந்து எழுதிய கடிதத்தில்தான், ஐரோப்பாவிலுள்ள தோழர்களின் கடிதங்களிலிருந்து அவர்கள் தம் கைப்பட இட்ட பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாக அவர் குறிப்பிடுகிறார். பாரிசில் உடன் படித்த தோழர்களின் கையெழுத்துகள் அவை.

அடுத்த நூற்றாண்டில் இராபர்ட் தெ நொபிலிக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1604-இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட அவரும் மொசாம்பிக் பக்கம் துன்புற்று, 1605 மே மாதம் கோவா சேர்ந்தார். 1606-இல் மதுரைக்கு வந்தார். காவியுடையும் குடுமியும் பூணூலும் பற்றி எழுந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் கப்பலேறிக் கொண்டிருந்தது. 1619-இல் கோவாவில் கூடி ஆராய்ந்தனர். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623 சனவரி 31-இல்தான் நொபிலிக்கு ஆதரவான முடிவை வெளியிட்டார். அத்தனை ஆண்டுகளும் மதுரையில் அவர் என்ன செய்வது? பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க மனிதர் வாழ்நாள் போதாது. தம் மனச்சான்றோடும் தம் மேலவரோடும் வழக்காடிக்கொண்டே வேலை செய்தார்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், நீராவிக் கப்பலும் தந்தியும் வந்ததும் பழைய அட்டவணையைக் குப்பையில் எறிந்துவிட்டன. அதுபற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதுவரை மேற்கிலிருந்து கிழக்கே வந்தவர்களைப் பற்றியே பேசினோம். மறுவழியில் போனவர்களும் உண்டு. 1554 பிப்ரவரியில் லிஸ்பனில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. தமிழும் போர்த்துக்கீசியமும் கொண்ட மறைக்கல்வி நூல். தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்தில் அமைந்தவை. கறுப்பு, சிவப்பு ஆகிய இரு மைகளில் பதித்தது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' வெளிவருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, தமிழ் மொழி அச்சேறியது லிஸ்பன் நகரில். அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் தெ நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா தெ குரூஸ் என்னும் மூன்று தமிழர். பெயர்கள் போர்த்துக்கீசியம், திருமுழுக்கில் வந்தவை. மேலே கண்ட கப்பல் கணக்கின்படி, அவர்கள் இந்தியக் கரையை விட்டது 1553-இன் தொடக்கத்திற்குப் பிற்பட்டிருக்க இயலாது. சவேரியார் லிஸ்பனுக்கு வரவேண்டுமென்று இஞ்ஞாசியார் எழுதிய நாட்களில், சவேரியார் மேய்த்த மக்களின் மொழி பேசிய மூவர் ஆறுமாதக் கடலைத் தாண்டி லிஸ்பனுக்குப் போயிருந்தனர், அல்லது போய்க்கொண்டிருந்தனர். மொசாம்பிக்கில் நோயுற்றார்களா, நன்னம்பிக்கை முனைக் குளிரில் எதைப் போர்த்திக்கொண்டார்கள் என்றெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்நூலின் படியொன்று லிஸ்பன் அருங்காட்சியகம் ஒன்றில் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இருந்தது. 1950-களில் அதைத் தேடிச்சென்று கண்டு, தமிழுலகிற்கு விரிவாக எடுத்துச் சொன்னவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத்தில் வேர்கொண்ட குடும்பத்தவர்; தூத்துக்குடி மறைமாவட்டக் குரு; வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர்.